ஆதரவற்ற எந்திரங்கள்: கம்பியில்லா வேகம் பற்றிச் சில குறிப்புகள்

1

கணிப்பொறி உலகத்தில் புழங்கும் ஒரு சொல்லிலிருந்து தொடங்கலாம். ஓர் இயங்குதளத்தின் புதிய பதிப்பு வரும்போது கூடவே ஒரு பட்டியலும் வருகிறது: இன்னின்ன எந்திரங்களில் இது ஓடும். பட்டியலுக்கு வெளியே நிற்பவை 'ஆதரிக்கப்படாத வன்பொருள்'. இன்னும் கொஞ்சம் சுருக்கினால் 'ஆதரவற்றவை'. நம்ம ஊரில் இந்தச் சொல்லை வேறொரு போர்டில் பார்த்திருக்கிறோம்: ஆதரவற்ற முதியோர் இல்லம். அங்கே இருக்கிற பல பேருக்குப் பிள்ளைகள் உண்டு, வீடும் உண்டு. ஆதரவற்றவர் என்று சொன்ன மாத்திரத்தில் குறை அந்த மனிதரிடமே இருப்பதுபோல ஆகிவிடுகிறது. ஆதரவை விலக்கிக்கொண்டவர் வாக்கியத்திலிருந்தே காணாமல் போய்விடுகிறார். எழுவாய் தொலைந்த வாக்கியம் இது.

அந்த எழுவாயைத் தேடுவதுதான் இந்தக் குறிப்புகளின் வேலை. தேடுவதற்கு நான் எடுத்துக்கொள்வது ரொம்பச் சின்ன விஷயம். ஒரு பழைய மடிக்கணிப்பொறியில், அதற்கென்று செய்யப்படாத ஓர் இயங்குதளத்தை நிறுவுகிறோம். திரை வருகிறது, விசைப்பலகை வேலை செய்கிறது, தமிழில் அடிக்க முடிகிறது, கணக்கு போட முடிகிறது. ஆனால் வைஃபை மட்டும் ஊர்ந்து போகிறது. எல்லாம் ஓடும்போது இது மட்டும் ஏன் ஓடவில்லை? "மெசின் பழசாயிருச்சு, அவ்வளவுதான்" என்று எல்லோரும் சொல்லும் பதில் சரியான பதிலா? எந்திரத்தின் 'முதுமை' என்று நாம் அழைப்பது எங்கே உற்பத்தியாகிறது என்கிற பெரிய கேள்வி இந்தச் சின்ன கேள்விக்குள் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

2

அவிநாசி வட்டாரத்தில் இந்தப் பழைய எந்திரங்கள் எங்கிருந்து வந்தன என்பதை முதலில் சொல்ல வேண்டும். 2011 செப்டம்பர் 15 அன்று தமிழ்நாடு அரசு விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியது. எல்காட் நிறுவனம் கொள்முதல் செய்து, அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளி, கல்லூரி மாணவர்களுக்கு அடுத்தடுத்த ஆண்டுகளில் 50 இலட்சத்துக்கு மேல் கொடுக்கப்பட்டது. ஆரம்ப ஆண்டுகளில் கொடுத்தவற்றில் இரண்டு இயங்குதளங்கள் இருந்தன. ஒன்று விண்டோஸ். இன்னொன்று 'பாஸ்' லினக்ஸ், சென்னை சி-டாக் டெபியனை அடிப்படையாக வைத்து உருவாக்கி 2007-இல் வெளியிட்டது. வீட்டுக்கு வந்த கையோடு பாஸை அழித்துவிட்டு இடத்தைச் சினிமாவுக்கு ஒதுக்கிய பிள்ளைகளை எனக்குத் தெரியும். அதில் தப்பு சொல்ல ஒன்றுமில்லை. பள்ளிக்கூடத்திலும் சரி, பிரவுசிங் சென்டரிலும் சரி, அதை யாரும் தொட்டுக் காட்டவில்லை.

படிப்பு முடிந்தது. பிள்ளைகள் பனியன் கம்பெனிக்கோ கோயமுத்தூருக்கோ போனார்கள். மடிக்கணிப்பொறி வீட்டிலேயே தங்கி வேறொரு உத்தியோகத்துக்கு வந்தது. 2017 ஜூலை 1-இல் ஜிஎஸ்டி வந்தபிறகு, நாலு தையல் மெசின் போட்டு ஜாப் ஒர்க் எடுக்கிறவருக்கும் கணிப்பொறி கட்டாயமாகிவிட்டது. டெலிவரி சலான், இ-வே பில், ரிட்டர்ன் என்று எதையும் இணையம் இல்லாமல் முடிக்க முடியாது. புதுசு வாங்கும் காசு நூலுக்கும் கூலிக்கும் போய்விடும். ஆக, அரசு கொடுத்த அந்த எந்திரம்தான் இந்தப் பகுதியில் பல சின்ன யூனிட்டுகளுக்கு அலுவலகம்.

இந்த நிலையில்தான் 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்தது. 2021 அக்டோபரில் வந்த விண்டோஸ் 11, டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லைக் கேட்கிறது. இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை, அதாவது 2017-க்குப் பிந்தையது, வேண்டும் என்கிறது. அதற்கு முந்தையவை, ஒருசில விலக்குகள் தவிர, பட்டியலுக்கு வெளியே. நம் முன்னால் மூன்று வழிகள் இருந்தன: புதுசு வாங்குவது, பட்டியலை மீறி விண்டோஸ் 11-ஐ ஏற்றுவது, லினக்ஸுக்குப் போவது. (இது முதல்முறை அல்ல. 2014 ஏப்ரல் 8-இல் விண்டோஸ் எக்ஸ்பியின் ஆதரவு முடிந்தபோது தமிழ்நாடு அரசே தன் துறைகளை பாஸ் லினக்ஸுக்கு மாறச் சொன்னது.) இரண்டாவது, மூன்றாவது வழிகளில் போனவர்கள்தான் வைஃபை பிரச்சினையை அதிகம் சந்திக்கிறார்கள்.

3

எங்கள் வீட்டு எந்திரத்தையே எடுத்துக்கொள்கிறேன். எந்தக் கம்பெனி, எந்தச் சில்லு, எந்த இயங்குதளம் என்று சொல்லப்போவதில்லை. ஒரு கம்பெனி மேல் புகார் வாசிப்பது என் நோக்கம் அல்ல. எங்களுக்கு வருவது நொடிக்கு 40 மெகாபிட் லைன். அதே மேசையில் வைத்த செல்போனில் கிட்டத்தட்ட முழுசாக வந்தது. மடிக்கணிப்பொறியில் 3.

இங்கே இரண்டு வேகங்களைப் பிரித்துப் பார்க்கப் பழக வேண்டும். 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்ட அத்திக்கடவு–அவிநாசித் திட்டத்தை நினைத்துக்கொள்ளலாம். பவானியின் உபரி நீரை நீரேற்றிக் குழாய் வழியாக 1,045 குளம் குட்டைகளுக்குக் கொண்டு வரும் திட்டம் அது. ஒரு குட்டைக்குத் தண்ணி வரவில்லை என்றால், ஆற்றில் தண்ணி இல்லையா, பெரிய குழாயில் கோளாறா, குட்டைக்குப் பிரியும் கடைசிக் கிளையில் அடைப்பா என்று பார்க்க வேண்டுமில்லையா. 'நெட் ஸ்லோ' என்ற ஒரே வார்த்தை இந்த மூன்றையும் ஒன்றாக்கிவிடுகிறது. செல்போனில் முழுசாக வருவதால் ஆறும் பெரிய குழாயும் சரி. மிச்சம், ரவுட்டருக்கும் மடிக்கணிப்பொறிக்கும் இடையில் இருக்கிற ஆறடி காற்று.

அடுத்ததாக ஒரு லேன் கேபிளை எடுத்து ரவுட்டரையும் எந்திரத்தையும் நேராக இணைத்தேன். 40 மெகாபிட்டும் வந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த நிட்டிங் ஃபிட்டர் ஒருத்தர், எனக்கு மூத்தவர், கேட்டார்: "ஏந்தம்பி, மெசினு கெழடுன்னா கேபிள்ல மட்டும் எப்படி ஓடுது?"

இந்தக் கட்டுரையின் மையக் கேள்வியே அதுதான். பிராசசர் பழசு, மெமரி குறைவு என்பதெல்லாம் காரணமென்றால் கேபிளிலும் மெதுவாகத்தான் ஓடியிருக்க வேண்டும். ஓடுகிறது என்றால், மெதுவானது எந்திரம் அல்ல. எந்திரத்துக்கும் அதன் ரேடியோவுக்கும் நடுவில் இருக்கும் உறவு.

4

அந்த உறவின் பெயர் 'டிரைவர்'. இயக்கி என்று மொழிபெயர்க்கிறோம். நம் ஊருக்கு டிரைவர் என்ற சொல்லே நன்றாகப் பொருந்துகிறது. லாரி நல்ல லாரி, 544-ஆம் தேசிய நெடுஞ்சாலை அகலமாகக் கிடக்கிறது, டிரைவருக்கு ரெண்டாவது கியருக்கு மேல் போடத் தெரியவில்லை என்றால் லாரி எப்படிப் போகுமோ அப்படித்தான் வைஃபை போகும்.

ஏன் வைஃபைக்கு மட்டும் இந்தக் கதி? விசைப்பலகைக்கும் வட்டுக்கும் திரைக்கும் பொதுவான பேச்சுமொழி ஒன்று உண்டு. யார் செய்த விசைப்பலகையானாலும் யுஎஸ்பி விதிப்படி 'இந்த எழுத்து அழுத்தப்பட்டது' என்று ஒரே மாதிரிதான் சொல்லும். ஒரு பொது டிரைவர் போதும். கேபிள் இணையச் சில்லுகள் அப்படிப் பொதுமொழி பேசாவிட்டாலும் அமைப்பில் எளிமையானவை, வருஷக்கணக்காக எல்லா இயங்குதளங்களுக்கும் பழகிப்போனவை. வைஃபை சில்லு இரண்டு பக்கமும் பேச வேண்டியது. வெளிப்பக்கம், காற்றில், அது பேசுவது 802.11 என்ற பொதுத்தரம். 1997-இல் தொடங்கி எழுதப்பட்டு வருவது, யாரும் படிக்கலாம். உள்பக்கம், கணிப்பொறியோடு, ஒவ்வொரு சில்லும் தனக்கென்று ஒரு மொழி பேசுகிறது. அந்த மொழியின் இலக்கணம் பெரும்பாலும் சில்லு செய்த கம்பெனியின் அலமாரிக்குள் இருக்கிறது. ஊர் முழுக்கப் பொதுமொழி பேசுகிறவர், வீட்டுக்குள் நுழைந்ததும் பரிபாஷைக்கு மாறிவிடுகிறார். அந்தப் பரிபாஷை தெரிந்த மொழிபெயர்ப்பாளர்தான் டிரைவர்.

இந்த மொழிபெயர்ப்பில் என்னென்ன தொலைகிறது என்று பார்க்கலாம்.

முதலாவது, படிகள். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில், ஒற்றை ஆன்டெனாவோடு, 20 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் ஓடும் 802.11 என் வகைச் சில்லுக்கு உச்சம் 72 மெகாபிட். அங்கிருந்து 7 வரை எட்டுப் படிகள். அதற்கும் கீழே 1 வரை பழைய தரத்தின் படிகள். அனுப்பிய பொட்டலம் போய்ச் சேர்ந்ததாகப் பதில் வராவிட்டால் ஒரு படி இறங்க வேண்டும், வந்தால் ஏற வேண்டும். எப்போது ஏறுவது என்று தெரியாத டிரைவர் கீழ்ப்படியிலேயே உட்கார்ந்துவிடும். அதோடு, 72 என்று திரையில் காட்டினாலும் கைக்கு வருவது ஏறக்குறைய அதில் பாதிதான். பேசுவதும் கேட்பதும் ஒரே அலைவரிசையில், முறைவைத்து நடப்பதால் அப்படி.

இரண்டாவது, பண்டல் கட்டுவது. 802.11 என் கொண்டுவந்த வேகத்தில் பெரும்பங்கு, பல பொட்டலங்களைச் சேர்த்து ஒரே தடவையில் அனுப்புவதால் வருகிறது. இது தெரியாத டிரைவர், டெம்போவில் ஒவ்வொரு பண்டலாக ஏற்றி ஒவ்வொரு பண்டலுக்கும் திருப்பூர் வரை போய்த் திரும்புவதுபோல வேலை செய்யும். டெம்போ வேகமாகத்தான் ஓடுகிறது. சரக்குதான் போய்ச் சேர்வதில்லை.

மூன்றாவது, தூக்கம். பேட்டரியை மிச்சம் பிடிக்க ரேடியோ அவ்வப்போது தூங்கும். ரவுட்டர் ஏறக்குறைய நொடிக்குப் பத்து தடவை 'யாருக்கு என்ன வந்திருக்கிறது' என்று அறிவிக்கும். அப்போது விழித்துக்கொள்ள வேண்டும். விழிக்கும் முறையில் ரவுட்டரும் டிரைவரும் ஒத்துப்போகவில்லை என்றால் ஒவ்வொன்றும் அடுத்த அறிவிப்பு வரை காத்துக் கிடக்கும். எங்கள் எந்திரத்தில் இந்தத் தூக்கத்தை ஒரு வரிக் கட்டளையில் நிறுத்தியதும் 3 மெகாபிட் 20-ஐத் தாண்டியது. சில்லு அதே சில்லு, ஆன்டெனா அதே ஆன்டெனா.

அவிநாசியில் ஒரு பழைய கதை உண்டு. முதலை விழுங்கிய பாலகனைச் சுந்தரர் பாடி மீட்டார் என்கிறது தலபுராணம். அதில் கவனிக்க வேண்டிய இடம், முதலை பிள்ளையைத் திருப்பித் தந்தபோது விழுங்கிய வயசில் தரவில்லை என்பது. இடையில் போன வருஷங்களின் வளர்ச்சியையும் சேர்த்துத் தந்தது. ஆதரவற்ற எந்திரத்தை மீட்கும்போது நமக்குக் கிடைக்காமல் போவது இதுதான். எந்திரம் கிடைக்கிறது, வருஷங்கள் கிடைப்பதில்லை. இயங்குதளம் பத்து வருஷம் வளர்ந்துவிட்டது. டிரைவர் கைவிடப்பட்ட வயசிலேயே நிற்கிறது.

5

இது என் வீட்டுக் கதையோடு முடிவதில்லை. உலகம் முழுக்கத் தெரிந்த மூன்று நிகழ்வுகளைச் சொன்னால் விஷயம் துலங்கும்.

பிராட்காம் சில்லுகளுக்கு லினக்ஸ் டிரைவர் இல்லாதிருந்த காலத்தில், சில ஆர்வலர்கள் மூடிய டிரைவரைப் பிரித்துப் படித்தார்கள். பதிப்புரிமைச் சிக்கல் வராதிருக்க ஒரு குழு படித்துக் குறிப்பு மட்டும் எழுதியது. இன்னொரு குழு அந்தக் குறிப்பை மட்டும் வைத்துப் புது டிரைவர் எழுதியது. 'பி43' என்ற பெயரில் அது 2008 ஜனவரியில் லினக்ஸ் கருவில் சேர்ந்தது. சில்லுக்குள் ஓட வேண்டிய ஃபெர்ம்வேரை மறுவிநியோகம் செய்ய உரிமை இல்லாததால், பயனரே மூடிய டிரைவர் கோப்பிலிருந்து அதை வெட்டி எடுத்துக்கொள்ள வேண்டியிருந்தது. அதற்கென்று ஒரு கத்தரி நிரலும் எழுதினார்கள். அசாத்தியமான உழைப்பு. ஆனாலும் 802.11 என் வேகம் அந்த டிரைவருக்குக் கைவரவில்லை. என் வகைச் சில்லாகவே இருந்தாலும் உச்சம் 54 மெகாபிட்தான். சில்லுக்குத் தெரியும், டிரைவருக்குத் தெரியாது.

இரண்டாவது, ரியல்டெக்கின் 8723பிஇ என்ற மலிவான சில்லு. அதில் ஆன்டெனா மாட்ட இரண்டு இடம் உண்டு. சில மடிக்கணிப்பொறிகளில் ஒரே ஒரு ஆன்டெனாதான் வைத்தார்கள். எந்த இடத்தில் மாட்டியிருக்கிறது என்ற தகவல் லினக்ஸ் டிரைவருக்குச் சரியாக வந்து சேராதபோது, ஆன்டெனாவே இல்லாத வாயில் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தது அது. ரவுட்டர் நாலடியில் இருந்தாலும் சமிக்ஞை கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் இருக்கும். சமிக்ஞை அளவை மைனஸ் 40, மைனஸ் 70 என்று டெசிபலில் காட்டுவார்கள். பார்க்க முப்பதுதான் வித்தியாசம். உண்மையில் ஆயிரம் மடங்கு. பிற்பாடு 'ஆன்டெனாவைத் தேர்ந்தெடு' என்று ஒரு அமைப்பு சேர்க்கப்பட்டது. ஒன்று என்பதை இரண்டு என்று மாற்றினால் எந்திரம் உயிர் பெற்றுவிடும். ஒரே ஒரு இலக்கம்! அது தெரியாமல் குப்பைக்குப் போன எந்திரங்கள் எத்தனையோ.

மூன்றாவது ஆப்பிள். 2023 செப்டம்பரில் வந்த மேக்ஓஎஸ் சோனோமா, பழைய மேக் எந்திரங்களில் இருந்த பிராட்காம் வைஃபை அட்டைகளுக்கான நிரலையே எடுத்துவிட்டது. 'ஓப்பன்கோர் லெகசி பேட்சர்' என்ற தன்னார்வத் திட்டம், முந்தைய பதிப்பான வென்சுராவின் துண்டுகளைப் பிடுங்கிப் புதிய பதிப்பில் ஒட்டு போடுகிறது. அதற்கு இயங்குதளத்தின் சில பாதுகாப்புகளைத் தளர்த்த வேண்டும். ஒவ்வொரு புதுப்பிப்புக்குப் பிறகும் ஒட்டு பிய்ந்துபோகும், மறுபடி போட வேண்டும். நேற்று வரை இருந்த நிரலை இன்றைக்கு எடுத்துவிட்டார்கள் என்பதுதான் இங்கே நடந்தது. எந்திரத்தில் ஒரு ஆணிகூட மாறவில்லை.

6

'மூலதனம்' முதல் தொகுதியில் (1867) எந்திரங்கள் பற்றிய அத்தியாயத்தில் மார்க்ஸ் இரண்டு வகைத் தேய்மானங்களைப் பிரிக்கிறார். ஒன்று பௌதிகத் தேய்மானம். ஓட்டி ஓட்டித் தேய்வதும் ஓட்டாமல் போட்டுத் துருப்பிடிப்பதும் இதில் அடங்கும். இன்னொன்று, எந்திரம் நன்றாகவே இருக்க, அதைவிட மலிவாகவோ திறமையாகவோ புது எந்திரம் சந்தைக்கு வருவதால் இதன் மதிப்பு குறைந்துபோவது. இந்த இரண்டையும் திருப்பூர்க்காரர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. வெளிநாட்டில் கழித்துவிட்ட வட்டப்பின்னல் மெசின்கள் கப்பலில் வந்து இங்கே வருஷக்கணக்கில் ஓடியிருக்கின்றன. பல்லடம், சோமனூர் பக்கம் பழைய இறக்குமதித் தறிகள் அப்படித்தான் வந்தன. அவற்றின் மதிப்பு குறைந்தது, அதனால்தான் நம்மவர்களால் வாங்க முடிந்தது. ஆனால் ஓடுவது நிற்கவில்லை. ஊசி தேய்ந்தால் ஊசி, கேம் தேய்ந்தால் கேம். மெசினைச் செய்த கம்பெனி மூடிப்போயிருந்தாலும் கவலையில்லை. ஃபிட்டர் கழற்றிப் பார்ப்பார், லேத்தில் கொடுத்து அதேபோல் கடைந்து மாட்டுவார். உலோகம் தன் ரகசியத்தைக் கண்ணுக்கு மறைக்காது.

நாம் பேசிக்கொண்டிருப்பது மூன்றாவது வகைத் தேய்மானம். பாகம் எதுவும் தேயவில்லை. இ-வே பில் போடும் வேலைக்கு இதைவிடத் திறமையான எந்திரம் தேவைப்படவும் இல்லை. அறிவிப்பு ஒன்றினால், பட்டியலிலிருந்து ஒரு பெயரை நீக்குவதால் மட்டும் வரும் தேய்மானம் இது. அறிவிப்புத் தேய்மானம் என்று அழைக்கலாம். ஃபிட்டரின் கைக்கு இங்கே வேலையில்லை. சில்லைக் கழற்றிப் பார்த்தால் தெரிவது ஒரு கறுப்புச் சதுரம். ஃபெர்ம்வேரைத் திருத்தி எழுதினால், பல சில்லுகள் கம்பெனியின் டிஜிட்டல் கையொப்பம் இல்லாததை ஏற்றுக்கொள்ளவே மறுக்கின்றன. எந்திரம் நம் வீட்டில் இருக்கிறது, நம் பெயரில் இருக்கிறது. எந்திரம் பற்றிய அறிவு வேறொருவர் பெயரில் இருக்கிறது. சொத்துரிமையை இப்படி இரண்டாகப் பிளந்ததில்தான் நாம் தேடிய எழுவாய் ஒளிந்திருக்கிறது.

இதற்கு ஒரு சமூக விளைவும் உண்டு, அதுவும் தொழில்நுட்பத்தின் வழியாகவே வருகிறது. வைஃபையில் ஒவ்வொரு கருவிக்கும் கிடைப்பது சமமான முறை, சமமான நேரம் அல்ல. 1 மெகாபிட்டில் பேசும் எந்திரம் தன் ஒரு பொட்டலத்தை அனுப்பி முடிக்கும்வரை வேகமான செல்போன்கள் எல்லாம் காத்திருக்க வேண்டும். மெதுவான ஒருவர் ஒட்டுமொத்த வீட்டையும் இழுத்துப் பிடித்துவிடுகிறார். (புதிய ரவுட்டர்கள் சிலவற்றில் நேரத்தையே பங்குபோடும் ஏற்பாடு வந்திருக்கிறது.) அப்புறம் என்ன நடக்கும்? "அந்தக் கெழட்டுக் கம்ப்யூட்டரைத் தூக்கி வீசுங்க, அதனாலதான் எங்களுக்கும் ஸ்லோ" என்று வீட்டுக்குள்ளிருந்தே குரல் வரும். கைவிட்டவர் மேல் வர வேண்டிய கோபம் கைவிடப்பட்டதன் மேல் வருகிறது. முதியோர் இல்லத்துக்குப் போகும் பாதையும் இதுதானே.

7

எதிர்த் தரப்பிலும் நியாயம் இருக்கிறது. அதைச் சொல்லாமல் விடக்கூடாது. காற்று பொதுச்சொத்து. இந்தியாவில் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை 2005 ஜனவரியில்தான் உரிமம் வாங்காமல் பயன்படுத்தும்படி திறந்துவிடப்பட்டது. 5 கிகாஹெர்ட்ஸில் கூடுதல் இடம் 2018 அக்டோபரில் கிடைத்தது. எவ்வளவு சக்தியில், எந்த அலைவரிசையில் பேசலாம் என்ற கட்டுப்பாடு இல்லையென்றால் வானிலை ராடார் உட்பட மற்றவர்களுக்குத் தொந்தரவு. 'ஃபெர்ம்வேரைத் திறந்துவிட்டால் ஆளாளுக்குச் சக்தியை ஏற்றுவார்கள்' என்று கம்பெனிகள் சொல்வது முழுப்பொய் அல்ல. ஆனால் அந்தக் காரணத்துக்காக எல்லாவற்றையும் பூட்ட வேண்டியதில்லை என்பதற்கும் சான்று உண்டு. அமெரிக்காவில் சக்தி வரம்பை மீறிய ரவுட்டர்கள் தொடர்பாக 2016 ஆகஸ்டில் ஏற்பட்ட உடன்பாட்டில், டிபி-லிங்க் கம்பெனி அபராதம் கட்டியதோடு, வரம்புகளைக் காத்தபடியே பிறர் எழுதும் ஃபெர்ம்வேருக்கு இடம்கொடுக்கவும் ஒப்புக்கொண்டது. ரேடியோ வரம்பை ஒரு சின்ன பெட்டிக்குள் பூட்டிவிட்டு மற்றதைத் திறந்து வைக்கலாம் என்பதே இதன் பொருள்.

பாதுகாப்பு இரண்டாவது நியாயம். 2017-இல் 'கிராக்' என்ற பெயரில், டபிள்யூபிஏ2 பூட்டிலேயே ஓட்டை இருப்பது வெளியானது. 2021-இல் 'ஃபிராக்அட்டாக்ஸ்' வந்தது. அதன் சில ஓட்டைகள் வைஃபை தொடங்கிய காலத்திலிருந்தே இருந்தவை. ஆதரவு இல்லாத டிரைவரில் இவற்றை அடைக்க ஆளில்லை. ஆகவே வேகம் குறைவது சின்ன அறிகுறிதான். ஜிஎஸ்டி கடவுச்சொல்லையும் வங்கிக் கணக்கையும் வைத்திருக்கும் எந்திரத்துக்கு அதைவிடப் பெரிய ஆபத்து இருக்கிறது. ஆனால் இந்த வாதத்தைக் கவனமாகப் படிக்க வேண்டும். 'ஓட்டை இருக்கிறது, ஆகவே தூக்கி எறி' என்கிறது கம்பெனி. 'ஓட்டை இருக்கிறது, ஆகவே அடைக்கும் சாவியைக் கொடு' என்றும் அதே வாக்கியத்தை முடிக்கலாமே.

8

நடைமுறைக்கு வருவோம். இதே நிலையில் இருக்கும் நண்பர்கள் செய்து பார்க்கக்கூடியவை சில.

முதலில் கேபிள் சோதனை. கேபிளில் வேகம் வந்தால் எந்திரத்தைக் குறை சொல்வதை நிறுத்திவிடலாம். அடுத்து, ரவுட்டரில் பூட்டு வகை 'டிகேஐபி' என்று இருக்கிறதா என்று பாருங்கள். அது இருந்தால் 802.11 என் விதிப்படியே வேகம் 54-க்கு மேல் ஏறாது. 'ஏஇஎஸ்' என்று மாற்ற வேண்டும். தூக்கத்தை நிறுத்திப் பாருங்கள். 2.4-இல் ஒன்றோடொன்று மோதாத அலைவரிசைகள் 1, 6, 11 மட்டுமே. தகரக்கூரை போட்ட யூனிட்டுகள் நெருக்கியடித்து நிற்கும் நம் தெருக்களில் பக்கத்து ரவுட்டர் எதில் இருக்கிறது என்று பார்த்து மாற்றிக்கொள்வது பலன் தரும். சமிக்ஞை அளவு செல்போனைவிட ரொம்பக் கீழே இருந்தால் ஆன்டெனா விவகாரமாக இருக்கலாம். லினக்ஸ் என்றால் புதிய பதிப்பை முயன்று பாருங்கள். 2023 ஜூனில் வந்த டெபியன் 12, மூடிய ஃபெர்ம்வேரையும் நிறுவியிலேயே சேர்த்துக்கொண்டது. அதற்கு முன் வைஃபைக்கான ஃபெர்ம்வேரை இறக்க இணையம் வேண்டும், இணையத்துக்கு வைஃபை வேண்டும் என்று மாட்டிக்கொண்டு முழிக்க வேண்டியிருந்தது. எதுவும் ஆகவில்லை என்றால், உங்கள் இயங்குதளத்தில் டிரைவர் இருக்கிறதா என்று கேட்டு உறுதி செய்துகொண்டு ஒரு யுஎஸ்பி வைஃபை வாங்கலாம். உள்ளே இருக்கும் அட்டையையே மாற்றலாம், ஆனால் சில மடிக்கணிப்பொறிகள் தாங்கள் அங்கீகரித்த அட்டை இல்லையென்றால் கிளம்பவே மறுக்கும். கழற்றும் முன் விசாரித்துக்கொள்வது நல்லது. காசே செலவில்லாத வழி, செல்போனை யுஎஸ்பி வயரில் இணைத்து அதன் வைஃபையைக் கடன் வாங்குவது.

இவையெல்லாம் தனித்தனி வீடுகளின் தந்திரங்கள். தந்திரங்களால் அறிவிப்பை எதிர்க்க முடியாது. ஒன்றிய அரசு 2022 டிசம்பரில் தொடங்கிய பழுதுபார்க்கும் உரிமைக்கான இணையவாசல், உதிரி பாகம், வாரன்டி, சர்வீஸ் சென்டர் என்ற அளவில் பேசுகிறது. டிரைவரும் ஃபெர்ம்வேரும் உதிரி பாகங்கள்தான் என்று அங்கே ஒரு வரி சேர வேண்டும். அதைவிடப் பக்கத்தில் ஒரு வாய்ப்பு இருக்கிறது. 2025 மார்ச் பட்ஜெட்டில் தமிழ்நாடு அரசு, கல்லூரி மாணவர்களுக்கு இரண்டு ஆண்டுகளில் 20 இலட்சம் கருவிகள் கொடுப்பதாக அறிவித்தது. 20 இலட்சம் வாங்குகிறவர் சாதாரண வாடிக்கையாளர் அல்ல. எத்தனை ஜிபி, எத்தனை அங்குலம் என்று கேட்கும் அரசின் டெண்டரில் இன்னும் இரண்டு வரி கேட்க முடியும்: 'வைஃபை சில்லுக்குத் திறந்த டிரைவர் இருக்க வேண்டும். கம்பெனி ஆதரவை விலக்கும் நாளில் ஃபெர்ம்வேரைத் திருத்தும் உரிமையும் குறிப்புகளும் பொதுவில் வைக்கப்பட வேண்டும்.'

அந்த இரண்டு வரி இல்லாவிட்டால், இன்றைக்குக் கொடுக்கும் எந்திரங்களும் பத்து வருஷத்தில் அவிநாசியில் ஏதோ ஒரு ஜாப் ஒர்க் யூனிட்டின் மேசையில் வந்து உட்காரும். நன்றாகவே இருக்கும். கேபிளில் ஓடும். 'கெழடு' என்று பெயர் வாங்கும்.